ஓசோன் உடன்படிக்கையின் நியாயம்



தமக்குப் பின் வருவோரின் நலங்கருதித் தம் பொருளில் ஒரு பகுதியை ஒதுக்கிவைத்த ஒருவரின் நினைவாக நாம் கூடியிருக்கிறோமாகையால், அதே வகையான காரியமொன்றை உலக நாடுகள் அனைத்தும் சேர்ந்து செய்த வரலாற்றை எடுத்துரைப்பதே இன்று பொருத்தமாகும் என்று கருதினேன்.

வானில் 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் பெரும்பாலும் பரவிக்கிடக்கும் ஓசோன் முழுவதையும் தரைமட்டத்துக் காற்றழுத்தத்தில் திரட்டினால், அதன் கனம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டரே இருக்கும். சூரியனின் புறஊதாக் கதிர்களில் கொடியவற்றை ஜீவராசிகள்மீது படாமல் தடுப்பது அம்மெல்லிய போர்வைதான். 1928-இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி குளிர்பதனப் பெட்டிகளுக்காக உருவாக்கிய குளோரோஃபுளோரோகார்பன்கள் தீப்பற்றாதவை, எதனோடும் எளிதில் வினைபுரியாதவை என்று கொண்டாடப்பட்டன. கீழே அழியாத காரணத்தாலேயே அவை மெல்ல மேலேறி, அங்கே கதிர்களால் சிதைந்து குளோரினை வெளிவிட்டு, ஓசோனை அழிக்கும் என்று 1974-இல் மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் எச்சரித்தார்கள். மறுவருஷமே, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்றவரான வீ. ராமநாதன், அதே வாயுக்கள் பூமியின் வெப்பத்தையும் பெருக்குவன என்று எடுத்துக்காட்டினார்.

அன்டார்க்டிகாவின் ஹாலி ஆராய்ச்சி நிலையத்திலே, ஓசோன் மிகுதியாக விழுங்கும் அலைநீளம் ஒன்றையும் அவ்வளவாக விழுங்காத வேறொன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கும் டாப்சன் கருவியைக்கொண்டு, 1950-களின் பிற்பகுதி முதல் ஆண்டுதோறும் வானத்து ஓசோனை அளந்து குறித்துவந்தார்கள். நம் கொடைக்கானல் மலையிலும் அப்பத்தாண்டிலேயே அக்கருவி பணியைத் தொடங்கியிருந்தது. பெரும்பயன் எதுவும் கண்ணுக்குத் தெரியாத காலத்திலும் விடாது செய்யப்பட்ட அந்த அளவீடே, அக்டோபர் மாதத்து ஓசோன் 300 டாப்சன் அலகிலிருந்து 200-ஐ ஒட்டிச் சரிந்துவிட்டதை ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் ஆகிய விஞ்ஞானிகள் மூவரும் 1985 மே மாதத்தில் உலகுக்கு அறிவிக்க வழிசெய்தது. இத்தகைய பொறுமையான உழைப்புக்கு நாம் போதிய மரியாதை செய்வதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

ஓசோன் துவாரம் எனப்பட்ட அச்சரிவின் காரணம் ஐயந்திரிபற நிரூபணமாவதற்கு முன்பே, ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் தலைவராயிருந்த எகிப்தியர் முஸ்தபா தோல்பாவின் அயராத முயற்சியால், 1987 செப்டம்பர் 16 அன்று மாண்ட்ரியல் நகரில் குளோரோஃபுளோரோகார்பன்களைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதைப் பலரும் விரிவாகப் பாராட்டியிருக்கிறார்கள். ஆயினும் அவ்வுடன்படிக்கை உலகத்தின் உடன்படிக்கையாக மாறியது மாண்ட்ரியலில் அல்ல, 1990-இல் லண்டனில் கூடிய மாநாட்டில்தான் என்பது என் துணிபு.

மாண்ட்ரியலில் கையெழுத்திட்டவை 24 நாடுகளும் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகமுமே. இந்தியாவும் சீனாவும் அவற்றில் இல்லை. இவ்வாயுக்களில் மிகப் பெரும்பகுதியைச் செய்து, விற்று, அனுபவித்தவை செல்வ நாடுகளாயிருக்க, வீட்டுக்கொரு குளிர்பதனப் பெட்டி என்பதே கனவாயிருந்த நாடுகள், அப்பிழைக்குத் தம் முன்னேற்றத்தைக் கட்டணமாகச் செலுத்தவேண்டுமென்று கேட்பது எவ்வாறு நியாயமாகும்? இவ்வினாவை லண்டன் மாநாட்டில் நம் அன்றைய அமைச்சர் மேனகா காந்தி அழுத்தமாக எழுப்பினார். மாற்றுத் தொழில்நுட்பமும் அதற்குரிய பணமும் கிடைத்தாலன்றி வளரும் நாடுகள் இணைவது இயலாதென்றார். வாதம் வீண்போகவில்லை. செல்வ நாடுகள் பணம் செலுத்தும் பன்னாட்டு நிதியம் அம்மாநாட்டிலேயே வடிவெடுத்தது. அதன் செயற்குழுவில் அவற்றுக்கு 7 இடமும் வளரும் நாடுகளுக்கு 7 இடமும் என்று சமமாக வகுத்தார்கள். பணம் கொடுப்பவர் கையே ஓங்கியிருப்பது வழக்கமான சர்வதேச அரங்கில் இது மிக அரிய ஏற்பாடு. ஆண்டுக்குத் தலைக்கு 0.3 கிலோவுக்குக் குறைவாக அவ்வாயுக்களைப் பயன்படுத்திய வளரும் நாடுகளுக்குப் பத்தாண்டுத் தவணையும் இருந்தது. சீனா 1991-இலும் இந்தியா 1992-இலும் இணைந்தன.

அந்நிதியின் பயன் எங்கே போய்ச் சேர்ந்தது என்று அறிய விரும்புவோர் தெருமுனையிலுள்ள ஃபிரிட்ஜ் மெக்கானிக்கின் பட்டறையை நோக்கவேண்டும். கம்ப்ரசரைக் கழற்றுமுன் குழாயை அறுத்து, மிச்ச கேஸைப் புஸ்ஸென்று காற்றில் விட்டுவிடுவதே முன்னாள் வழக்கம். அதை ஓர் இயந்திரத்தால் உறிஞ்சி உருளையில் சேர்த்துவைக்கும் முறையை ஆயிரக்கணக்கான தொழிலாளர்களுக்குக் கற்பித்தார்கள். 2010 பிறந்தபோது வளரும் நாடுகளிலும், மூச்சிரைப்பு மருந்துக்குழல் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, அவ்வாயுக்களின் உற்பத்தி நின்றது.

மீறல் இல்லாமலில்லை. சி.எஃப்.சி-11 என்னும் தடைசெய்யப்பட்ட குளோரோஃபுளோரோகார்பன் வாயு மீண்டும் வெளிப்படுவதை 2018-இல் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். கொரியாவிலும் ஜப்பானிலும் உள்ள நிலையங்களின் அளவீடுகள் அதன் பெரும்பகுதி கிழக்குச் சீனாவிலிருந்து வருவதைக் காட்டின. அதன்பின் அது விரைந்து குறைந்தது. சட்டத்தை எழுதியதோடு நில்லாமல் காற்றையும் காவல்காத்ததால் வந்த பலன் அது.

1980-ஆம் ஆண்டின் நிலையை ஓசோன் படலம் உலகின் பெரும்பகுதியில் 2040 வாக்கிலும், ஆர்க்டிக்கில் 2045 வாக்கிலும், அன்டார்க்டிகாவில் 2066 வாக்கிலும் மீண்டும் அடையுமென்று விஞ்ஞானிகளின் 2022-ஆம் ஆண்டு மதிப்பீடு கூறுகிறது. இதற்கிடையே, மாற்றாக வந்த எச்.எஃப்.சி. வாயுக்கள் பூமியைச் சூடாக்குவதால், அவற்றையும் குறைக்க 2016-இல் கிகாலி நகரில் உலகம் ஒப்புக்கொண்டது. 2047-க்குள் 85 சதவீதம் குறைப்பது நம் நாட்டின் பங்கு. ஆகவே, அவையோரே, உங்கள் வீட்டுக் குளிர்சாதனத்தைப் பழுதுபார்க்க வருபவரிடம், உள்ளிருக்கும் கேஸைத் திறந்துவிடாமல் உருளையில் பிடித்து எடுக்கும்படி கேளுங்கள். அதற்காக அவர் கேட்கும் கூலியை மனமுவந்து கொடுங்கள்.