அளந்த பின்னரே வாங்குவோம்

(நம் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கியமும் இசையும் மணக்கின்ற இம்மேடையில் மோட்டார் சைக்கிளின் பாட்டரியைப் பற்றிப் பேச எழுந்திருப்பது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் கரக்பூரின் இந்த ரயில்வே காலனியில் குவார்ட்டர்ஸ் வாசல்தோறும் ஓர் இருசக்கர வண்டி நிற்பதை நாம் காண்கின்றோம். நள்ளிரவு வேலைக்கு விரைவதும், காய்ச்சல் கண்ட குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்வதும் அவ்வண்டியில்தான். பொத்தானை அழுத்தும்போது ‘டிக்’ என்ற ஒலியோடு அது அடங்கிவிட்டால் நேரும் இடர் சிறிதன்று. உடனே நாம் என்ன செய்கின்றோம்? “பாட்டரி போய்விட்டது” என்று தீர்ப்புக் கூறி, ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்துப் புதியது வாங்குகின்றோம். விசாரணையின்றி வழங்கிய தீர்ப்பு அது. அளந்து பார்த்த பின்னரே வாங்க வேண்டும் என்பதே இன்று நாம் வலியுறுத்த விரும்புவது.

காந்தமும் கம்பிச் சுருளும் ஒன்றையொன்று சார்ந்து அசைந்தால் கம்பியில் மின்சாரம் பிறக்கும் என்பதை மைக்கேல் பாரடே 1831ஆம் ஆண்டில் கண்டறிந்தார். அவ்வுண்மை நம் வண்டியில் நாள்தோறும் தொழிற்படுகின்றது. எஞ்சினின் சுழல்தண்டு முனையில் காந்தச் சக்கரம் ஒன்று சுழல்கின்றது. அதனுள் அசையாது நிற்கின்றது செப்புக் கம்பி சுற்றிய காயில். இதனை ஸ்டேட்டர் என்பர். இங்கே பிறப்பது மாறுதிசை மின்சாரம். பாட்டரி ஏற்பதோ நேர்திசை மின்சாரம். ஒன்றை மற்றொன்றாக மாற்றி, அளவு மீறாமலும் காப்பது ரெகுலேட்டர் என்று நாம் வழங்கும் சிறு அலுமினியப் பெட்டி.

ரயில்வே குடும்பத்தினருக்கு இது புதுமையன்று. பெரம்பூர்த் தொழிற்சாலை 1955ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கப்பெற்றது. அங்கு உருவான பழைய வகைப் பெட்டிகளின் அடியில், அச்சிலிருந்து பெல்ட்டினால் சுழலும் ஆல்டர்னேட்டர் ஒன்று இருக்கும். ஓடும்போது அது 110 வோல்ட் பாட்டரிகளை நிரப்பும். நிற்கும்போது அப்பாட்டரிகளே விளக்கெரிக்கும். அதே 1955இல்தான் சென்னையில் என்பீல்டு இந்தியா நிறுவனமும் தோன்றியது. திருவொற்றியூரில் உருவான பழைய புல்லட்டின் விளக்குத் தலையில் சிறிய ஆம்பியர் மீட்டர் ஒன்று பதித்திருப்பர். முள் வலப்பக்கம் சாய்ந்தால் வரவு. இடப்பக்கம் சாய்ந்தால் செலவு. இன்றைய வண்டிகள் பெரும்பாலானவற்றில் அந்த முள் இல்லை. ஆதலின் அவ்வேலையை நாமே செய்ய வேண்டியிருக்கின்றது.

நம்மைப் போன்ற எழுத்தர்களுக்குக் கணக்குப் புத்தகத்தை வைத்துச் சொன்னால் எளிதில் விளங்கும். பாட்டரி என்பது சேமிப்புக் கணக்கு. ஸ்டேட்டர் தருவது மாதச் சம்பளம். ரெகுலேட்டர் காசாளர். விளக்கு, ஹாரன், ஸ்டார்ட்டர் ஆகியவை குடும்பச் செலவு. சம்பளம் வாராதபோது புதிய பாஸ் புத்தகம் வாங்கி யாது பயன்? 60 வாட் முகப்பு விளக்கு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் உண்ணும். வரவு அடியோடு நின்றுவிட்டால், 9 ஆம்பியர்-மணிப் பாட்டரி அவ்விளக்கு ஒன்றுக்கே இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. 2017 ஏப்ரல் முதல் வரும் புதிய வண்டிகளில் எஞ்சின் ஓடும்போதெல்லாம் முகப்பு விளக்கு எரிகின்றது. பெட்ரோலை எலக்ட்ரிக் பம்ப் செலுத்தும் வண்டிகளிலோ, பாட்டரி அறவே சோர்ந்தால் எஞ்சினே உயிர் பெறாது.

நம் காலனியில் உதவி லோகோ பைலட்டாகப் பணிபுரியும் தம்பி ஒருவர் எட்டு மாதத்தில் இரண்டு பாட்டரிகள் வாங்கினார். அடைமழைக் காலத்து இரவு இரண்டு மணிக்கு அழைப்பு வந்தபோது வண்டி மறுபடியும் கிளம்பவில்லை. மழையில் நடந்தே சென்று கையெழுத்திட்டார். மறுநாள் வந்து, “அண்ணா, பிள்ளையின் பள்ளிக்கூடப் பணத்தை எடுத்து மூன்றாவது பாட்டரியும் வாங்க வேண்டியதுதானா?” என்று கேட்டார். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தோம். வண்டி நிற்கையில் 12.1 வோல்ட், தள்ளிக் கிளப்பி ஓடவிட்ட பின்னும் அதே அளவு. வரவே இல்லை என்பது விளங்கிவிட்டது. ஸ்டேட்டரிலிருந்து வரும் மூன்று மஞ்சள் ஒயர்கள் ரெகுலேட்டரைச் சேருமிடத்தில் பிளாஸ்டிக் கப்ளர் கருகி உருகியிருந்தது. அதை நீக்கிப் புதிய கப்ளர் பொருத்தியதும் மீட்டர் 14.1 காட்டிற்று. ஆன செலவு ஒரு வேளைச் சிற்றுண்டிக்கு ஆவது. பள்ளிக்கூடப் பணம் பள்ளிக்கூடத்திற்கே சென்றது.

இனி, சோதிக்கும் முறையை வரிசையாகக் கூறுவோம்.

முதலாவது, சில மணி நேரம் ஓய்ந்து நிற்கும் வண்டியில் பாட்டரியின் இரு முனைகளையும் நேர்திசை வோல்ட்டில் அளக்க. நிறைந்த பாட்டரி 12.6 அல்லது அதற்குச் சற்று மேல் காட்டும். 12 அளவில் நின்றால் பெரும்பகுதி தீர்ந்தது என்று கொள்க. சார்ஜர் கொண்டு மெல்ல நிரப்புக. 9 ஆம்பியர்-மணிப் பாட்டரிக்கு ஏறத்தாழ 0.9 ஆம்பியர் போதும். நிரப்பி எடுத்து வைத்த பின்னும் தானே விரைவில் இறங்கிவிட்டால் அப்போது பாட்டரியைக் குற்றம் சொல்லலாம்.

இரண்டாவது, நிரப்பிய பாட்டரியுடன் எஞ்சினை நடுத்தர வேகத்தில் ஓடவிட்டு அதே முனைகளில் அளக்க. 13.5க்கும் 14.5க்கும் இடையே இருந்தால் வரவு செம்மையாக உள்ளது. சிறிதும் ஏறாவிட்டால் வரவில்லை. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் தன் கடமையில் தவறிவிட்டது. அது பாட்டரியைக் கொதிக்கவைத்து அழிக்கும்.

மூன்றாவது, வரவில்லையெனில் முதலில் கண்ணால் பார்க்க. பச்சை பூத்த முனை, தளர்ந்த திருகு, கருகிய கப்ளர், துருவேறிய எர்த் ஒயர் ஆகியவையே பல வேளைகளில் காரணம். வங்கத்து மழைக்கு இவை எளிதில் இரையாகும்.

நான்காவது, எஞ்சினை நிறுத்தி, ஸ்டேட்டர் கப்ளரைக் கழற்றுக. மூன்று ஒயர் உள்ள வண்டியில் எந்த ஒயருக்கும் எஞ்சின் உடலுக்கும் தொடர்பு இருத்தல் ஆகாது. இருந்தால் காயில் பழுது. பின்னர் எஞ்சினை ஓடவிட்டு, இரண்டிரண்டு ஒயராக மாறுதிசை வோல்ட்டில் அளக்க. மூன்று அளவுகளும் ஏறத்தாழ ஒன்றாக இருந்து, வேகம் கூடும்போது தாமும் கூட வேண்டும். ஒன்று குறைந்தாலும் காயிலைப் பார்க்க வேண்டும். ஸ்டேட்டர் நலம், ஒயர்கள் நலம், எர்த் நலம் என்று தெளிந்த பின்னரும் பாட்டரிக்கு வரவில்லையெனில் ரெகுலேட்டரை மாற்றுக.

சில எச்சரிக்கைகளும் உள. பாட்டரியைக் கழற்றும்போது நெகடிவ் முனையை முதலிலும், பூட்டும்போது அதையே கடைசியிலும் தொடுக. நிரப்பும்போது பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு எழும். அருகே பீடியோ விளக்கோ ஆகாது. திறந்து ஊற்றும் வகைப் பாட்டரியில் காய்ச்சி வடித்த நீரன்றி வேறெதுவும் ஊற்றலாகாது. எஞ்சின் ஓடும்போது பாட்டரி ஒயரைக் கழற்றிப் பார்ப்பது இன்றைய வண்டிகளின் நுண்கருவிகளுக்குக் கேடு. கழற்றிய ஸ்டேட்டர் ஒயர்களில் வோல்ட் உயர்ந்து நிற்கும். ஓடும்போது வெறுங்கையால் தொடலாகாது. பியூஸ் போனால் அதே அளவு பியூஸே இடுக. செப்புக் கம்பியை முறுக்கி வைப்பது தீக்கு விடுக்கும் அழைப்பு. மூடிய அறையில் எஞ்சினை ஓட்டலாகாது. கோடை விடுமுறையில் மாதக் கணக்கில் ஊருக்குச் செல்வோர் பாட்டரியை நிரப்பி, நெகடிவ் முனையைக் கழற்றிவிட்டுச் செல்வது நலம்.

மெக்கானிக்குகளைப் பழிப்பதற்காக இவற்றைக் கூறவில்லை. காயில் மாற்றுவது போன்ற வேலைகள் அவர்களுக்கே உரியவை. ஆனால் “பாட்டரி பாருங்கள்” என்று செல்வதற்கும், “நிற்கையில் 12.6, ஓடுகையிலும் 12.6, கப்ளர் நலம்” என்று எழுதிய தாளுடன் செல்வதற்கும் வேறுபாடு உண்டு. பின்னவருக்கு விடை விரைவில் கிடைக்கும். வீண் செலவும் நேராது.

முடிவாக, நம் சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். கோல் பஜாரில் சில நூறு ரூபாய்க்கு மல்டிமீட்டர் கிடைக்கின்றது. அதில் ஒன்றும், சிறிய சார்ஜர் ஒன்றும் வாங்கி நம் நூல்நிலைய அலமாரியில் வைப்போமாக. அருகே ஒரு நோட்டுப் புத்தகமும் இருக்கட்டும். எடுத்துச் செல்வோர் தேதி, வண்டி, நிற்கையில் எவ்வளவு, ஓடுகையில் எவ்வளவு, கண்ட பழுது யாது என்று தமிழில் எழுதி வைக்கட்டும். பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் எழுதும் நம் ஆண் மக்களும் பெண் மக்களும் பெற்றோருடன் அமர்ந்து அதை எழுதுவார்களாயின், தமிழ் எழுதிப் பழகுவதற்கும் அது ஒரு வாய்ப்பாகும். அடுத்த ஆண்டு விழாவில் அந்த நோட்டுப் புத்தகத்தைப் பிரித்து, எத்தனை பாட்டரிகள் வீணே வாங்கப்படாமல் தப்பின என்று அவர்களே இம்மேடையில் படிக்கட்டும்.