யாருடைய கௌரவம்?



2016 மார்ச் 13. உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்தருகே, பட்டப்பகலில், ஜனங்கள் பார்த்திருக்க, சங்கர் என்ற தலித் மாணவரை வெட்டிச் சாய்த்தார்கள். அவரை மணந்த கௌசல்யாவையும் வெட்டினார்கள். அவர் உயிர் தப்பினார். மணமாகி எட்டே மாதம். சாதி கடந்து மணந்ததுதான் அவர்கள் செய்த குற்றம்! இந்தக் கொலைபாதகத்துக்கு 'கௌரவம்' என்று பெயர் சூட்டுகிறார்கள்.

யாருடைய கௌரவம்? பண்ணாடி, பண்ணையாள் வீட்டுப் பெண்ணிடம் அத்துமீறிய காலமெல்லாம் எந்தச் சாதிச் சபை கூடியது? அப்போது போகாத கௌரவம், ஒரு பெண் தன் துணையைத் தானே தேர்ந்துகொண்டால் மட்டும் போய்விடுகிறதாம்! காரணம் வெளிப்படை. தோட்டமும் கிணறும் சாதிக்குள்ளேயே இருக்க வேண்டும். அதற்குப் பெண்ணை வேலியாக நட்டிருக்கிறார்கள்.

தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். நிறவெறி ஆட்சி 1949இல் கலப்பு மணத்தைத் தடை செய்தது. 1950இல் 'ஒழுக்கக்கேடு' சட்டத்தை விரிவாக்கி, வெள்ளையரல்லாத எவரோடும் வெள்ளையர் உறவு கொள்வதைக் குற்றமாக்கியது. ஒழுக்கத்தின் பெயரால் போலீஸ் படுக்கையறைக்குள் புகுந்தது. நிலமும் சுரங்கமும் வெள்ளை முதலாளிகளிடம். அந்த ஆதிக்கத்துக்குக் காவல்தான் இந்த 'ஒழுக்கம்'! மக்கள் போராட்டம் வலுத்த 1985இல் இரு தடைகளையும் நீக்க நேர்ந்தது.

அங்கே சட்டமே சுவர் எழுப்பியது. இங்கோ 1954ஆம் ஆண்டின் விசேஷ விவாகச் சட்டம் கதவைத் திறந்து வைத்தது. சாதிவெறி அந்த வாசலில் அரிவாளோடு நிற்கிறது.

கௌசல்யா பெற்றோருக்கு எதிராகவே சாட்சி சொன்னார். 2017இல் திருப்பூர் நீதிமன்றம் அவரது தந்தை உள்ளிட்ட அறுவருக்கு மரண தண்டனை விதித்தது. 2020இல் சென்னை உயர்நீதிமன்றம் தந்தையை விடுதலை செய்து, ஐவரின் தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. தீர்ப்பு எதுவானாலும், கொலை நடந்த பிறகே கோர்ட்டு வருகிறது. கொலைக்கு முன்னால் வர வேண்டியவர்கள் நாம்!

ஒரு பெண் தொழிலாளிக்கு இழைக்கப்பட்ட கொடுமை கண்டு கொதித்தெழுந்த பஞ்சாலைத் தொழிலாளர் நால்வர் 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்குமேடை ஏறினார்கள். சின்னியம்பாளையம் தியாகிகளின் மண் இது. உழைக்கும் பெண்ணின் மானம் வர்க்கத்தின் மானம் என்று காட்டிய மண்!

ஆகவே, விரும்பி மணந்தவர்கள் அடைக்கலம் தேடி வந்தால், நமது சங்க அலுவலகக் கதவு நள்ளிரவிலும் திறக்க வேண்டும். நம் வீட்டுப் பெண் தன் விருப்பத்தைச் சொன்னால், அவள் சொல்லுக்கு முதலில் நம் வீட்டில் மதிப்பு வேண்டும். தோழர்களே, சாதிச் சுவரை அங்கிருந்தே இடிக்கத் தொடங்குவோம்!