டார்வினின் பயிற்சிக் காலம்

சார்லஸ் டார்வின் என்றதும் நரைத்த தாடியும் பரிணாமக் கொள்கையுமே அவையோர் நினைவுக்கு வரும். அத்தாடி முளைக்குமுன் அவர் கடலையும் கல்லையும் பழகிய காலம் அத்துணை பேசப்படுவதில்லை.

1825இல், பதினாறாம் வயதில், மருத்துவம் பயில எடின்பரோ சென்றார். மயக்க மருந்து அறியாத காலம். குழந்தை ஒன்றுக்கு நடந்த அறுவையைக் காணப் பொறாது வெளியேறியவர் மீண்டும் அக்கூடத்தை மிதிக்கவில்லை. ராபர்ட் கிராண்ட் என்னும் கடலுயிர் ஆய்வாளருடன் நீர் வடிந்த பாறைக் குழிகளில் உயிர்களைத் தேடினார். நியூஹேவன் மீனவர்களுடன் சிப்பி வாரப் படகேறினார். கையிலிருந்ததோ மட்டமான நுண்ணோக்கி.

அதைக் கொண்டே, பழஞ்சிப்பி ஓடுகளில் காணப்பட்ட கரும் உருண்டைகள் கடற்பாசியின் இளநிலை அல்ல, திருக்கை மீனை ஒட்டி வாழும் அட்டையின் முட்டைக் கூடுகள் என்று கண்டார். 1827 மார்ச் 27 அன்று பிளினியன் மாணவர் கழகத்தில் இதனை அறிவித்தார். மூன்று நாள் முன்னரே வேறொரு கழகத்தில் கிராண்ட் அதைச் சொல்லிவிட்டிருந்தார்! பின்னர் அச்சான கட்டுரையில், முதலிற் கண்டவர் டார்வினே என அவர் குறித்தது உண்மை. ஆயினும் அறிவியலாரின் பொறாமையை முதன்முதல் அறிந்தது அப்போதுதான் என்று டார்வின் கூறியதை அவர் மகள் எழுதி வைத்திருக்கிறார். பதினெட்டு வயதினர்க்கு அது சிறு காயமன்று.

மண்ணைக் கற்பித்தவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஆடம் செட்ஜ்விக். 1831 ஆகஸ்டில் இருவரும் வேல்ஸ் மலைகளுக்குப் புறப்படுமுன், ஊர்ப்புறச் சரளைக் குழியில் வெப்பக் கடற் சங்கு ஒன்று கிடைத்ததாகத் தொழிலாளி ஒருவர் சொன்னதை டார்வின் ஆவலோடு தெரிவித்தார். யாரேனும் எறிந்திருப்பர் என்றார் பேராசிரியர். உண்மையில் அங்கே புதைந்திருந்தால் நிலவியலுக்கே கேடு என்றும் சொன்னார். தனி ஒரு செய்தி அறிவியலாகாது, பல செய்திகள் சேர்ந்தே விதி பிறக்கும் என்பதை டார்வின் அன்று உணர்ந்தார்.

ஆனால் அந்த ஆசானுக்கும் ஒரு மறைப்பு இருந்தது. கும் இட்வால் பள்ளத்தாக்கில் இருவரும் பல மணிநேரம் தொல்லுயிர்ப் படிவம் தேடினர். பனியாறு கீறிய பாறைகளும், அது சுமந்து வந்து விட்டுச்சென்ற பெருங்கற்களும் சுற்றிலும் கிடந்தன. இருவர் கண்ணிலும் படவில்லை. பனியாற்றுக் கொள்கை பரவிய பின், 1842இல் மீண்டும் சென்றபோதே டார்வினுக்கு அவை தெரிந்தன.

வேல்ஸிலிருந்து வீடு திரும்பியவரைப் பீகிள் கப்பலுக்கான அழைப்புக் காத்திருந்தது. 1832 ஜனவரியில் கேப் வெர்டேத் தீவொன்றின் கடற்பாறையில், நீர்மட்டத்துக்கு மேலே, எரிமலைக் குழம்பின்கீழ் சிப்பிகள் நிறைந்த வெண்பட்டை ஒன்று நீண்டு செல்வதைக் கண்டார். நிலவியல் நூல் ஒன்று தாம் எழுதலாம் என்ற எண்ணம் அவருக்கு முதலில் எழுந்தது அங்கேதான்.