கருவுற்ற காலத்தில் நில்லாத உதிரப்போக்கு

(மஹல்லாவின் தாய்மார்களும் குடும்பத் தலைவர்களும் கூடிய நிகழ்ச்சியில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் பள்ளிவாசலில் பேசத்தக்கதுதானா என்று சிலர் எண்ணக்கூடும். ஃபிக்ஹுக் கிதாபுகளில் தூய்மையைப் பற்றிய பாடத்திலேயே ஹைளு, நிஃபாஸ், இஸ்திஹாளா ஆகிய மூன்றும் மிக விரிவாக எழுதப்பட்டுள்ளன. மீசை அரும்பாத வயதில் மதரஸாவில் உஸ்தாதின் முன் அமர்ந்து நாம் அவற்றை ஓதினோம். அன்று இல்லாத வெட்கம் இன்று எதற்கு?

நம்மிடம் அடிக்கடி வரும் மஸ்அலா இது: "மருமகள் மூன்று மாதம் முழுகாமல் இருக்கிறாள். பத்து நாளாக உதிரம் படுகிறது. தொழலாமா, கூடாதா?" ஹனஃபி மத்ஹபின்படி கர்ப்பிணிக்கு ஹைளு இல்லை, அவள் காணும் உதிரம் இஸ்திஹாளா. ஒவ்வொரு தொழுகை நேரத்திற்கும் உளூச் செய்து அவள் தொழ வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்துப்படி கர்ப்பிணிக்கும் ஹைளு ஏற்படலாம். ஒரு பகல் ஓர் இரவுக்குக் குறையாமலும் பதினைந்து நாட்களுக்கு மேற்படாமலும் இருந்தால் அந்தச் சட்டமே பொருந்தும். விடை அவ்வளவுதான். கேட்டவரும் மனநிறைவோடு திரும்பிவிடுகிறார்.

நமக்குக் கவலை தருவது அந்த மனநிறைவே. தொழுகையின் நிலை என்ன என்பதைத்தான் நாம் சொன்னோம். உதிரம் ஏன் வருகிறது என்பதை நாம் சொல்லவில்லை; சொல்லவும் இயலாது. 'இஸ்திஹாளா' என்பதற்கு 'அஞ்ச வேண்டியதில்லை' என்று பொருளன்று. 'ஹைளு' என்ற ஹுக்மு கிடைத்தாலும், அது வழக்கமான மாதவிலக்குத்தான் என்று எண்ணி வாளாவிருக்கக் கூடாது. கருவுற்ற பெண்ணுக்கு மாதவிலக்கு வருவதில்லை என்றே மருத்துவம் கூறுகிறது. ஆகவே அவளுடைய உதிரத்திற்கு வேறொரு காரணம் உண்டு. அதைக் கண்டறிவது மருத்துவரின் வேலை.

முதல் மூன்று மாதங்களில் உதிரம் காண்பது அரிதன்று. நான்கைந்து கர்ப்பிணிகளில் ஒருவர் காண்கிறார். ஓரிரு நாள் சிறிது பட்டு நின்றுபோய், ஸ்கேனில் குழந்தையின் இதயத்துடிப்பும் தெரிந்துவிட்டால் பெரும்பாலான கர்ப்பங்கள் நல்லபடியே தொடர்கின்றன. எனினும் கருப்பைக்கு வெளியே, கருக்குழாயில் கரு தங்கியிருந்தாலும் முதல் அடையாளம் இதே உதிரமாக இருக்கலாம். குழாய் வெடித்தால் உள்ளேயே உதிரம் பெருகித் தாயின் உயிருக்கே ஆபத்தாகும். வெளியே படும் அளவைப் பார்த்து இதைக் கணிக்க முடியாது. அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, தோள்பட்டையில் வலி, மயக்கம் ஆகியவை சேர்ந்தால் அடுத்த வக்து வரை கூடக் காத்திருக்கக் கூடாது.

இனி, நில்லாமல் வாரக்கணக்கில் தொடரும் உதிரப்போக்கைப் பார்ப்போம். இன்றைய உரையின் நோக்கமே இதுதான். நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரோடு ஒட்டியிருக்கும் இடத்தில் உதிரம் கசிந்துகொண்டே இருந்தால், அதை உறையவைக்க உடலில் 'த்ராம்பின்' என்னும் பொருள் உண்டாகிறது. அதே பொருள் கருப்பையைச் சுருங்கவும் தூண்டுகிறது. பனிக்குடத்தின் சவ்வையும் நலியச் செய்கிறது. விளைவாகப் பனிக்குடம் முன்கூட்டியே உடைதல், 37 வாரம் நிறையுமுன் பிரசவம், இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தை ஆகியவற்றுக்கான வாய்ப்பு கூடுகிறது. முதல் மூன்று மாதங்களில் மட்டும் படுவதைவிட, அடுத்த மூன்று மாதங்களிலும் தொடர்ந்து படுவது இந்த வாய்ப்பை மேலும் உயர்த்துகிறது. இதற்கிடையே தாயின் உதிரமும் வற்றிக்கொண்டே போகிறது. 2019–21 இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். ஏற்கெனவே குறைவாக உள்ள பாத்திரத்தில் ஓட்டையும் விழுந்தால் என்ன மிஞ்சும்?

ஐந்தாம் மாதத்திற்குப் பின் உதிரம் பட்டால் அது வேறு வகை. நஞ்சுக்கொடி கருப்பையின் வாயை மூடியபடி கீழே அமைந்திருந்தால் வலியே இல்லாமல் செந்நிற உதிரம் வரும். வலி இல்லையே என்று வீட்டில் இருந்துவிடுவது இங்கேதான் பெருங்கேடு. முன்பு சிசேரியன் செய்துகொண்டவர்களுக்கு இது நேரும் வாய்ப்பு அதிகம். நஞ்சுக்கொடி பிரசவத்துக்கு முன்பே சுவரைவிட்டுப் பிரிந்தாலோ வயிறு கல்லைப் போல் இறுகி வலிக்கும். உதிரம் உள்ளேயே தேங்கிவிடுவதால் வெளியே சிறிதளவே தெரியலாம். இவ்விரண்டிலும் குழந்தைக்கும் தாய்க்கும் நேரம் மணிக்கணக்கில் அல்ல, நிமிடக்கணக்கில் எண்ணப்படுகிறது. "மகன் துபாயிலிருந்து போன் செய்யட்டும்", "இரவில் துணைக்கு ஆண் இல்லை" என்பன போன்ற காரணங்கள் நம் மஹல்லாக்களில் அடிக்கடி கேட்கக்கூடியவையே. 108 ஆம்புலன்சை அழைக்க மாமியாரே போதும்; யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

மருத்துவமனையில் என்ன செய்துவிடப் போகிறார்கள் என்று கேட்போரும் உண்டு. தாயின் இரத்தவகை நெகட்டிவாகவும் குழந்தையினுடையது பாசிட்டிவாகவும் இருந்தால், உதிரப்போக்கின்போது குழந்தையின் இரத்தம் தாயின் உடலில் கலந்து அடுத்த கர்ப்பத்தைப் பாதிக்கலாம். மருத்துவர் தேவை என்று கண்டால் 72 மணி நேரத்திற்குள் 'ஆன்ட்டி–டி' ஊசி போட்டு இதைத் தடுக்கிறார். முன்பு கருச்சிதைவு கண்ட பெண்ணுக்குத் தொடக்க மாதங்களில் மீண்டும் உதிரம் பட்டால் புரோஜெஸ்ட்டிரான் மருந்து பயன் தரக்கூடும் என்பது, பிரிட்டனில் 4153 பெண்களிடம் நடத்தப்பட்டு 2019 இல் வெளியான ஆய்வினால் தெரியவந்தது. எல்லாப் பெண்களுக்கும் அது பயன் தரவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. ஆகையால் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்த மாத்திரையைக் கடையில் வாங்கி விழுங்கக் கூடாது. குறைமாதத்தில் பிரசவம் நேரும்போல் இருந்தால், குழந்தையின் நுரையீரல் பலப்படத் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுகிறார்கள். ஊசிக்கும் பிரசவத்திற்கும் இடையே ஒருநாள் கிடைத்தாலே பெரும் உதவி. நேரத்தோடு போனவர்களுக்குத்தான் அந்த ஒருநாள் கிடைக்கும்.

"ஏழாம் மாதக் குழந்தை தங்கும், எட்டாம் மாதக் குழந்தை தங்காது" என்று நம் பாட்டிமார்கள் சொல்லும் பேச்சுக்கு எந்த ஆதாரமும் இல்லை. வயிற்றில் கூடும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு இலாபமே. அதேபோல், மருமகள் படியேறியதால்தான் கரு கலைந்தது என்று அவள்மீது பழி சுமத்துவதை இன்றோடு விட்டுவிடுங்கள். முதல் மூன்று மாதங்களில் கலையும் கருக்களில் ஏறத்தாழப் பாதிக்குக் கருவிலேயே அமைந்துவிட்ட குரோமோசோம் குறைபாடுதான் காரணம். படுக்கையிலேயே கிடந்தால் கரு நிலைக்கும் என்பதற்கும் ஆய்வுகளில் சான்று கிடைக்கவில்லை.

தண்ணீர் ஓதித் தரும்படியும் நம்மிடம் வருகிறார்கள். ஓதித் தருகிறோம், துஆவும் செய்கிறோம். வரும்போது ஸ்கேன் சீட்டும் கையில் இருக்கட்டும்.

இவ்வளவு முயன்றும் குழந்தை தவறிவிட்டால், அதற்கும் மார்க்கத்தில் சட்டம் உண்டு. குறைமாதமாயினும் உயிரோடு பிறந்து பின்னர் இறந்த குழந்தையைக் குளிப்பாட்டிக் கஃபனிட்டு, ஜனாஸாத் தொழுகை நடத்தியே அடக்க வேண்டும். நான்கு மாதம் கடந்து உயிரின் அடையாளமின்றிப் பிறந்தால் தொழுகை இல்லை. குளிப்பாட்டித் துணியில் சுற்றி அடக்க வேண்டும். மருத்துவமனைக் கழிவோடு விட்டுவிட்டு வரக் கூடாது. எந்த நேரமானாலும் நமக்கோ முஅத்தினுக்கோ சொல்லி அனுப்புங்கள். மையவாடியில் இடம் காட்டுவோம்.

தனியே கேட்க விரும்பும் ஆண்கள் இஷாவுக்குப் பின் வரலாம். தாய்மார்கள் நம் வீட்டாரிடம் கேட்டனுப்பலாம். வஸ்ஸலாம்.