ஞாயிறு திருப்பலி யாருக்காக?



ஒரு நாள் காலைத் திருப்பலி முடிந்ததும் ஓர் அம்மா தயங்கி நின்றார். "சாமி, எங்க வீட்டுக்காரர் மூணு மாசமா படுத்த படுக்கையா இருக்கார். ஒரு பூசை வைக்கணும். கையில காசில்லை" என்றார்.

"காசு வேண்டாம்மா. ஞாயிறுதோறும் உங்க எல்லாருக்காகவும்தான் பூசை வைக்கிறேன்" என்றேன்.

இது என் தாராள மனம் அல்ல, கடமை. 1983ஆம் ஆண்டின் திருஅவைச் சட்டத் தொகுப்பு, எண் 534 சொல்கிறது: ஞாயிறுகளிலும் கடன் திருநாள்களிலும் பங்குத்தந்தை தம் மக்களுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்க வேண்டும். தவறவிட்டால், விட்ட அத்தனை திருப்பலிகளையும் விரைவில் நிறைவேற்ற வேண்டும்.

எண் 529 இன்னொன்றும் சொல்கிறது: குடும்பங்களைச் சந்தித்து, நோயாளிகளுக்கு அன்போடு துணை நிற்க வேண்டும். நல்ல ஆயர் தம் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைப்பவர். நானோ மூன்று மாதமாக அவருக்காகவும் பலி ஒப்புக்கொடுத்தேன். அவர் படுக்கையில் கிடப்பதே எனக்குத் தெரியாது. அன்று மாலையே நற்கருணையோடு அவர் வீட்டுக்குப் போனேன்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாரேனும் நோயுற்றிருந்தால், உங்கள் பங்குத்தந்தையிடம் தயங்காமல் சொல்லுங்கள். கேட்பது உங்கள் உரிமை. வருவது அவர் கடமை.

இறைவன் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.