திறவுகோலும் வேர்ச்சொல்லும்

(குற்றாலத்தில் ஆற்றப்பெற்ற பொழிவு)



குற்றால மலையில் தங்கும் முகில் அருவியாய் இறங்கி, சிற்றாறாய்ப் பாய்ந்து, தென்காசி வயல்களை நனைக்கும். இன்று மாந்தர் தம் கணக்கையும் மடலையும் நோய்க்குறிப்பையும் ஏற்றிவைக்கும் முகிலோ வானத்தில் இல்லை. பிறர் நடத்தும் கணினிக் கிடங்கில் உள்ளது.

அருகே மத்தளம்பாறையில் சோகோ நிறுவனத்தார் மென்பொருள் ஆக்குகின்றனர். அவர்தம் இந்தியத் தரவு நடுவங்கள் சென்னை, மும்பை முதலிய இடங்களில் உள்ளன. தமிழ்மண்ணில் இத்தொழில் வேரூன்றியது பெருமையே. ஆயினும், எவர் கிடங்காயினும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: திறவுகோல் யார் கையில்?

செய்தியை மறைகுறியாக்கித் திறவுகோலை உரியவரே வைத்துக்கொண்டால், கிடங்குக்காரர் அதனைப் படிக்கவியலாது. ஆனால், பல்லாயிரம் ஆவணங்களுள் ஒன்றைத் தேடித் தருக என்றால், படிக்கவியலாதவர் எங்ஙனம் தேடுவார்? இவ்விடர்ப்பாட்டால்தான் திறவுகோல் கைமாறுகிறது.

நம் இலக்கண நூலார் குழூஉக்குறி கூறினர். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பர். அவ்வாறே ஒவ்வொரு சொல்லுக்கும் மாறாத குறி ஒன்றை இட்டுவைத்தால், பொருள் அறியாதவனும் அக்குறியைத் தேடி எடுக்கலாம். ஆனால், பொற்பட்டறையில் நாள்தோறும் ‘பறி’ எனக் கேட்பவன், அது பொன்னே என உய்த்துணர்ந்து விடுவான் அன்றோ?

2000-ஆம் ஆண்டில் பெர்க்கிளியிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்துச் சாங், வாக்னர், பெரிக் ஆகிய மூவர் வேறுவழி கண்டனர். அம்முறையில் ஒரே சொல் இடந்தோறும் வெவ்வேறு உருவில் மறைந்திருக்கும். உரியவர் அச்சொல்லுக்கெனத் தேடற்குறி ஒன்றை விடுத்தால் மட்டுமே கிடங்குக் கணினி அஃது உள்ள இடங்களைக் காட்டும். சொல் இன்னதென அறியாது. எனினும், எடுபட்ட ஆவணங்களின் தடத்தைக் கொண்டே சொல்லை உய்த்துணரவும் கூடும் என 2012-இல் ஓர் ஆய்வு காட்டிற்று. எனவே காப்பு இன்னும் முழுமையுறவில்லை.

இங்கே தமிழுக்கெனத் தனிக்கடன் ஒன்றுண்டு. இத்தகைய தேடல் சொல்லை உள்ளபடியே ஒப்பிடுவது. ‘மரம்’ எனத் தேடினால் ‘மரத்தை’, ‘மரத்தில்’ என்பன அகப்படா. பூட்டியபின் சொல்லைப் பகுக்க இயலாது. பூட்டுமுன்னரே, உரியவர் கணினியிலேயே, வேர்ச்சொல்லைப் பிரித்துக் குறியிடல் வேண்டும். பகுதி, விகுதி, சாரியை அறிந்த தமிழ்ப்புலவரும் கணினி வல்லுநரும் ஒருங்கிருந்து செய்யவேண்டிய பணி இது.

செய்யாவிடின், தமிழில் எழுதுவோன் தேடல் கருதித் திறவுகோலைப் பிறரிடம் நீட்டுவான். அன்றேல், தமிழையே விட்டு ஆங்கிலத்தில் எழுதுவான். இரண்டும் இழப்பே. தமிழிளைஞரே, திறவுகோலையும் விடாதீர், தமிழையும் விடாதீர்!