ராத்திரி பதினொரு மணிக்கு ஓர் இனிப்பு

ஜோலார்பேட்டை ஜங்ஷன் தூங்குவதே இல்லை. பெங்களூருக்கும் சேலத்துக்கும் பாதை பிரிகிற இடம். விடிய விடிய ரயில் வரும், கூடவே சர்க்கரை தூக்கலான டீயும் வரும். அங்கே நைட் ட்யூட்டி பார்ப்பவர்களுக்கும், விடிந்தும் விடியாமல் ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு பஸ் ஏறும் பெண்களுக்கும் தூக்கம் எப்போதும் பற்றாக்குறைதான்.

ராத்திரி இனிப்பு ஆசைக்கு இந்தத் தூக்கக் குறைவு பெரிய காரணம். சிகாகோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்று, 2004-ல் வந்தது. இரண்டு இரவு நாலு மணி நேரமே தூங்கிய இளைஞர்களுக்குப் பசியைத் தூண்டும் கிரெலின் கூடியது; போதும் என்று சொல்லும் லெப்டின் குறைந்தது. ஆக, நாக்கைத் திட்டிப் பயனில்லை. மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டாலும் ராத்திரி பசி வட்டியோடு கேட்கும். சாயங்காலம் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் சாப்பிட்டுப் பாருங்கள், ஆசையின் வேகம் தணியும்.

ஆற்காட்டு மக்கன் பேடாவை அடியோடு விடச் சொல்ல எனக்கு மனம் வராது. பாலைச் சுண்டக் காய்ச்சிய கோவாவில் செய்து, பொரித்து, பாகில் ஊறியது அது. எப்போதாவது, மதியச் சாப்பாட்டுக்குப் பின் பாதி போதும். ராத்திரியில் உடம்பு சர்க்கரையைச் சமாளிக்கும் திறன் குறைவு.

ஒன்று முக்கியம். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்களுக்கு நடுராத்திரி வியர்த்து, கை நடுங்கி, பசித்தால் அது வெறும் ஆசையாக இல்லாமல் தாழ்சர்க்கரையாக, அதாவது ரத்தத்தில் சர்க்கரை இறங்கியதாக, இருக்கலாம். அப்போது தயங்காமல் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். காலையில் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மருந்தின் அளவை அவர் மாற்ற வேண்டியிருக்கும்.